ஜெஞ்சாரோமில் பதினொரு நாள்

கிள்ளான்
7 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய இணைப் பேராசிரியர் டாக்டர் புனிதா அவர்களுக்கு,

இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டுக்கும் நீங்கள் ஆய்வு விடுப்பில் இருப்பதாக இயந்திரம்தான் பதில் சொன்னது. துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "என்ன விஷயமா பேசணும் அங்கிள்?" என்றாள் ஒரு பெண். படித்து முடிக்காமல் போன எனக்கு அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த ஒரே பட்டம் அதுதான். வாங்கிக்கொண்டு போனை வைத்துவிட்டேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டை மாற்றியிருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் ஜீவன். உங்களுடைய பேர்பெற்ற 2014 கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் 'உதவியவர்களுக்கு நன்றி' என்ற வரியில் மூன்றாவது ஆள்.

இப்போது நான் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கிள்ளானிலிருந்து சுங்கை பூலோ வரை ஏழு மையங்கள். ஏழிலும் உள்ள கணினிகள் ஒரே நோயாளிப் பட்டியலை வைத்திருக்கின்றன. ஒன்று தலைமை, மற்ற ஆறும் அது சொல்வதைக் கேட்கும். தலைமைக் கணினி நின்றுபோனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். யார் தலைமை, எவ்வளவு நேரத்துக்கு என்பதைக் கடிகாரம் தீர்மானிக்கும். உங்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை. இது உங்கள் முறைதான். எங்களுக்கு மென்பொருளை விற்ற நிறுவனம் அதன் கையேட்டில் உங்கள் பெயரைப் போட்டு 'கணித ரீதியாக நிரூபிக்கப்பட்டது' என்று அச்சடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை மாலை, சுங்கை பூலோவில் இடி. அங்கே வேலை செய்யும் அக்கா வழக்கம்போலக் கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அப்போது அதுதான் தலைமை. கிள்ளான் கணினி பொறுப்பை ஏற்றுக்கொண்டது. செவ்வாயன்று டாக்டர், கன்னையா என்ற நோயாளிக்குச் சுத்திகரிப்பு முடியும்போது இருக்க வேண்டிய எடையை 62 கிலோவிலிருந்து 65 ஆக மாற்றினார். மனிதருக்கு உடம்பு தேறியிருந்தது, அதனால் குறைவாக நீர் எடுத்தால் போதும். புதன் பிற்பகல் யாரோ சுங்கை பூலோவில் பிளக்கைத் திரும்பச் செருகினார்கள். அந்தப் பழைய கணினியின் உள்ளே, கடிகாரத்தை ஓட்டும் பட்டன் பேட்டரி செத்திருந்தது. கடிகாரம் பின்னால் போய்விட்டது. தன் பதவிக்காலம் இன்னும் முடியவில்லை என்று அது நம்பிக்கொண்டது. திங்கட்கிழமைப் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பியது.

வியாழக்கிழமை கன்னையா அங்கிள் கிள்ளான் மையத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். பண்டமாரான்காரர், லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். "மிஸி, டாக்டர் அறுபத்தஞ்சுனு சொன்னாரே லா" என்றிருக்கிறார். தாதி உஷாராணி திரையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டத்துல அறுபத்திரெண்டுதான் இருக்கு அங்கிள்" என்றிருக்கிறார். மூன்று லிட்டர் அதிகமாக உறிஞ்சியிருக்கிறது இயந்திரம். அவர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். இப்போது வலது கையும் பேச்சும் இல்லை.

மென்பொருள் நிறுவனம் கட்டுரையைக் காட்டுகிறது. நிரூபிக்கப்பட்ட முறையில் தப்பு வராது, உங்கள் ஆள்தான் தப்பு என்கிறது. எங்கள் நிர்வாகத்துக்கும் அது வசதியாக இருக்கிறது. நவம்பர் 20 அன்று உஷாராணிக்கு உள்விசாரணை. வேலை மட்டுமல்ல, தாதிப் பதிவும் போய்விடும்.

நீங்கள் ஒரு பக்கம் எழுதினால் போதும். கட்டுரைக்காக நாங்கள் சோதித்த ஐந்து கணினிகளிலும் இதே தப்பு நடந்தது, எங்களுக்குத் தெரியும் என்று.

ஜீவன்


பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
15 அக்டோபர் 2024

ஜீவன்,

கன்னையா அவர்களைப் பற்றிப் படித்து வருந்தினேன். இதைச் சம்பிரதாயமாக எழுதவில்லை. நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம்.

இனி விஷயம். கட்டுரையின் தேற்றம் தவறில்லை. மூன்றாம் பகுதியின் இரண்டாம் வரி: 'எந்தக் கணினியின் கடிகாரமும் பின்னோக்கிச் செல்லாது.' இந்த நிபந்தனைக்குள் நிரூபணம் முழுமையானது. பத்து வருடத்தில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், ஒருவர்கூட ஓட்டை கண்டுபிடிக்கவில்லை. அந்த வரியைப் படிக்காமல் ஒரு நிறுவனம் மென்பொருள் செய்தால் அது அந்த நிறுவனத்தின் குற்றம். இதை வேண்டுமானால் பல்கலைக்கழகக் கடிதத்தாளில் எழுதித் தருகிறேன். அதைக்கொண்டு அந்தப் பெண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

நோயாளிகள் இருக்கும் இடத்தில் பேட்டரி செத்த கணினியை வைத்திருந்தது யார்? ஏழு மையத்துக் கணினிகளையும் பார்த்துக்கொள்ளும் ஆள் நீதானே?

டிசம்பர் முதல் வாரம் எனக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் இந்த நேரம் பார்த்து எழுதுகிறாயோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி இருக்காது என்றும் நினைத்துக்கொண்டேன்.

இதைப் பற்றி மின்னஞ்சல் வேண்டாம்.

புனிதா


கிள்ளான்
22 அக்டோபர் 2024

டாக்டர் அவர்களே,

மின்னஞ்சல் வேண்டாமாம். பல்கலைக்கழக சர்வரில் பதிவாகிவிடும், அதுதானே? கணினித் துறை வல்லுநர் தபால் தலை ஒட்டிக் கடிதம் போடுகிறாரே என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வரவில்லை.

பேட்டரிக்குப் பதில் சொல்கிறேன். கணினிகள் மென்பொருள் நிறுவனத்தின் சொத்து. மூடியைக்கூடக் கழற்றக் கூடாது என்று ஒப்பந்தம். கழற்றியிருக்க வேண்டும். அந்தத் தப்பு என் பங்கு, எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் மூன்றாம் பகுதியின் இரண்டாம் வரிக்கு வருவோம். அந்த வரி எப்போது வந்தது அக்கா?

2013இல் ஆய்வகத்தில் நல்ல கணினிகளே இல்லை. ஐந்து பழைய பெட்டிகளை ஐந்து வீட்டில் வைத்து நானூறு நாள் ஓட்டிப் பார்ப்போம் என்றது நீங்கள்தான். 'உண்மையான வீடு, உண்மையான லைன், உண்மையான மழை' என்று பெருமையாகச் சொன்னீர்கள். ஒன்று உங்கள் வீட்டில். ஒன்று ஜெஞ்சாரோமில் எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில். வானம் இருட்டினால் அம்மா முதலில் செய்யும் வேலை எல்லா வயரையும் பிடுங்குவதுதான். இந்த ஊரில் யார் வீட்டில் பிடுங்க மாட்டார்கள்? நான் சத்தம் போட்டால், "இடி விழுந்து டிவி போனா ஒன் ப்ரொபசரா வாங்கித் தருவாரு?" என்பார்.

நானூறு நாளில் பதினொரு நாள் ஜெஞ்சாரோம் பெட்டி திரும்ப எழுந்தபோது கடிகாரம் பின்னால் போயிருந்தது. பதினொரு முறையும் இரண்டு தலைமை. ஆய்வகத்தில் அதற்கு 'பவுனம்மாள் பிழை' என்று பேர் வைத்துச் சிரித்தோம். என் அம்மாவின் பெயர். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அப்புறம் நீங்கள் சொன்னீர்கள்: "அது நெட்வொர்க் ஃபெயிலியர் இல்ல ஜீவன், ஒங்கம்மா ஃபெயிலியர். அந்த பதினோரு நாள எடுத்துடு." எடுத்தேன். அதற்கு அடுத்த வாரம்தான் கடிகாரம் பின்னோக்கிச் செல்லாது என்ற அந்த அழகான வரி கட்டுரையில் வந்து உட்கார்ந்தது. ஐந்தாம் பகுதியில் என்ன எழுதினீர்கள்? 'நானூறு நாளில் ஒரு முறைகூட இரண்டு தலைமை தோன்றவில்லை.' தேற்றம் சரிதான். அந்த வாக்கியம் பொய்.

உங்கள் கடிதத்தாள் எங்களுக்கு வேண்டாம். 'நிபந்தனையைப் படிக்கவில்லை' என்று எழுதினால் நிறுவனத்து வக்கீல் 'நானூறு நாள் சோதனையில் வராதது உங்கள் மையத்தில் மட்டும் எப்படி வந்தது' என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் சொன்னால், படிப்பை விட்டு ஓடியவன் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்பார்கள். அதை ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

ஜீவன்


பிரிக்பீல்ட்ஸ்
3 நவம்பர் 2024

ஜீவன்,

தீபாவளிக்கு மறுநாள் கீழே கார் நிறுத்துமிடத்தில் நீ நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் நின்றிருப்பாய். நான் இறங்கி வரவில்லை. வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள் என்று எழுதலாம். இருந்தார்கள். ஆனால் அதனால் அல்ல.

உன் கடிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. நாள், தேதி, வாக்கியம், உன் அம்மா பேசியது எல்லாமே. ஒன்றைத்தான் விட்டுவிட்டாய். நன்றி வரியில் மூன்றாவது ஆள் என்று எத்தனை நாசூக்காக என்னைக் குத்தியிருக்கிறாய்! கட்டுரையில் உன் பெயர் இரண்டாவதாக இருந்தது. அதை எடுத்தது நானா?

நீதான் என் அறைக்கு வந்தாய். கதவைச் சாத்தினாய். "என் பேரு வேணாம்கா, எடுத்துடுங்க" என்றாய். ஏன் என்று கேட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, படிப்பை விடப்போகிறேன் என்று ஏதோ சொன்னாய். உண்மை என்னவென்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். தப்பு என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல உனக்குத் துணிவில்லை. என்னைத் தடுக்காமல் உன்னை மட்டும் கழற்றிக்கொண்டு போனாய். நான் அசடு மாதிரி, பாவம் என்று நினைத்து நன்றி வரியிலாவது இருக்கட்டும் என்று சேர்த்தேன்.

ஒரு முறை, ஒரே ஒரு முறை, "இது தப்புக்கா" என்று நீ சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. பத்து வருடமாக அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை என்று நினைக்கிறாயா?

அந்த நிறுவனத்தில் நீ வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாள் ஆகிறது? கையேட்டில் என் பெயரை எப்போது பார்த்தாய்? ஆகஸ்டுக்குப் பிறகுதான் என்று எழுது, நம்பிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஷாமினி என்று ஒரு மாணவி. எஸ்டேட் பள்ளியில் படித்து வந்தவள். என் தேற்றத்தையும் அந்த நானூறு நாள் பதிவுகளையும் அடிப்படையாக வைத்து நான்கு வருடம் உழைத்திருக்கிறாள். ஜனவரியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கட்டுரையைத் திரும்பப் பெற்றால் அவள் ஆய்வேட்டில் பாதி அன்றே குப்பை. ஒரு தாதியைக் காப்பாற்ற ஒரு மாணவியைத் தள்ளச் சொல்கிறாய். உனக்கு ஒரு முகம்தான் தெரிகிறது. எனக்குத் தினமும் இன்னொரு முகம் எதிரில் வந்து உட்காருகிறது.

புனிதா


கிள்ளான்
8 நவம்பர் 2024

அக்கா,

ஆமாம். பெயரை எடுக்கச் சொன்னது நான்தான். இத்தனை வருடமாக அதை வீட்டில் வேறு மாதிரி சொல்லிவைத்திருக்கிறேன். நீங்கள் என்னை வெட்டிவிட்டதாக. அம்மா இன்றுவரை உங்களைத் திட்டுகிறார். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று மாலை ஜெஞ்சாரோம் போய் உண்மையைச் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார். "அப்ப நான் வயர புடுங்குனதுல தப்பு இல்லியா?" என்றார். இல்லை என்றேன். அடுத்த தட்டை எடுத்தார்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கையேட்டை முதல் வாரமே பார்த்தேன். நிரூபிக்கப்பட்டது என்ற வரியைப் பார்த்து உள்ளுக்குள் நக்கலாகச் சிரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளி என்று காரணங்கள் இருந்தன. ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அப்படி நினைக்க நமக்கு எத்தனை சுலபமாக வருகிறது பாருங்கள்.

ஷாமினியின் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் பெண்ணின் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். அவளிடம் கேட்டீர்களா? பொய்யான பதிவுகளை நான்கு வருடம் அவள் கையில் கொடுத்தது நான் இல்லை. நாளைக்கு அவள் பட்டம் வாங்கி, பத்து வருடம் கழித்து யாராவது ஒரு ஜீவன் அவளுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதினால் அது பரவாயில்லையா?

அசல் பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. பதினொரு நாளும் இருக்கின்றன. ஏன் வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. இந்த உறைக்குள் ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். எழுதினால் என் பெயரைப் போடுங்கள். பதிவுகளை அழித்தவன் ஜீவன் என்று முழுப்பெயருடன் எழுதுங்கள். இந்த முறை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஜீவன்


பிரிக்பீல்ட்ஸ்
17 நவம்பர் 2024

ஜீவன்,

பென்டிரைவை மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். நான்காம் நாள் திறந்தேன். நானே எழுதிய முறை, நானே எழுதிய செய்திகள். 'நான் தலைமை' என்று ஜெஞ்சாரோம் சொல்கிறது, அதே நொடியில் 'நான் தலைமை' என்று பிரிக்பீல்ட்ஸ் சொல்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பெட்டி என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பதினொரு முறை. ஒன்றை விளக்கிவிடலாம், பதினொன்றை எப்படி விளக்குவது?

ஷாமினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிடம் படித்தாள். "மேம், எனக்கும் போன வருஷம் இதே மாதிரி வந்துச்சு. நான்தான் தப்பா ரன் பண்ணிட்டேன்னு டெலிட் பண்ணிட்டேன்" என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேற்று, வேறு மேற்பார்வையாளருக்கு மாற அவள் எழுதிய விண்ணப்பம் என் கையெழுத்துக்கு வந்தது. போட்டுக்கொடுத்தேன்.

கட்டுரை வந்த இதழுக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். உங்கள் நிர்வாகத்துக்கும் அந்த மென்பொருள் நிறுவனத்துக்கும் அதன் நகல் இன்று போயிருக்கிறது. மின்னஞ்சலில்தான், பல்கலைக்கழக முகவரியிலிருந்து. இப்படி எழுதியிருக்கிறேன்:

'2014ஆம் ஆண்டுக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். நானூறு நாள் சோதனையில் பதினொரு முறை இரண்டு தலைமைகள் தோன்றின. அந்தப் பதிவுகளை நீக்கும்படி நான் சொன்னேன். ஜீவன் நீக்கினார். இருவருக்கும் தெரிந்தே செய்தோம். இம்முறையில் இயங்கும் கணினியை மின் இணைப்பிலிருந்து துண்டித்து மீண்டும் இணைத்தால் பழைய தகவலே உண்மையெனப் பரவக்கூடும். நோயாளிகள் சார்ந்த எந்த இடத்திலும் இதைப் பயன்படுத்தக் கூடாது.'

நீ கேட்டபடி உன் பெயர் இருக்கிறது.

நேர்காணலிலிருந்து விலகிக்கொண்டேன். விலகாவிட்டாலும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். விசாரணைக் குழு அமைக்கிறார்கள். பதினாறு வருட ஆய்வில் என் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அந்த ஒரு கட்டுரைதான். இனிமேலும் அதுதான் ஞாபகம் வரும்.

நீ சொன்னதால் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. என்மேல் இருப்பது வேறு கணக்கு. இனி எனக்கு எழுத வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன்.

புனிதா


கிள்ளான்
1 டிசம்பர் 2024

புனிதா அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதுதான் கடைசி.

20ஆம் தேதி விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்தது. உங்கள் கடிதத்தைத் தலைவர் வாசித்தார். உஷாராணி மீது குற்றமில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். ஏழு மையத்திலும் அந்த மென்பொருளை நிறுத்தி, மறுநாளே நோயாளி எடையைக் கையால் எழுதும் நோட்டுக்கு மாறிவிட்டார்கள். என்னை மறுநாளோடு நிறுத்திவிட்டார்கள். தெரிந்தே இரண்டு வருடம் மறைத்தவன் என்று காரணம். மறுத்துப் பேச என்ன இருக்கிறது?

வெளியே வராந்தாவில் உஷாராணி நின்றுகொண்டிருந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நாம் இருவரும் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டோம்! நீங்கள் பதவியை விட்டீர்கள், நான் வேலையை விட்டேன். மனசுக்குள் ஒரு மாலை போட்டுக்கொண்டுதான் அவர் பக்கம் போனேன்.

கையில் உங்கள் கடிதத்தின் நகல் இருந்தது. 'இருவருக்கும் தெரிந்தே' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்:

"அங்கிள் வாய்விட்டு சொன்னாரு சார், அறுபத்தஞ்சுனு. நான் அவர நம்பல, ஸ்க்ரீன நம்புனேன். அந்தத் தப்பு எனக்குத் தெரியும், வாரா வாரம் பண்டமாரான் போயி அவரு கைய புடிச்சிட்டு ஒக்காந்துட்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் யார நம்பி பத்து வருஷம் பேசாம இருந்தீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார். பிறகு, மையத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கு முறையும் என் பிள்ளை, என் வீட்டுக் கடன், என் பயம் என்றுதான் வருகிறது. கிழித்துப் போட்டேன். என் பங்குக்கு நேரில் போய்ச் சொல்லப் போகிறேன், என்ன வாயில் வருகிறதோ அதை. உங்கள் பங்கை நான் சொல்ல முடியாது. அதை எனக்கு எழுதவும் வேண்டாம். கன்னையா வீட்டு முகவரியை இதன் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு உஷாராணி அங்கே இருப்பார்.

ஜீவன்